கழுதைகளுக்கு எழுதிய வீடு

தெல்மா ஹார்டேக்கருக்குக் கழுதைகளைப் பிடிக்காது. அப்படியிருந்தும் தன் ஒரே வீட்டை அவள் கழுதைகளுக்குத்தான் எழுதிவைத்தாள். இதில் அவளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. எங்கள் சாண்டர்ஸ்விக்கில் பிறந்து வளர்ந்த எவராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் செய்திருப்பார்கள்.

'வேண்டாம்' என்ற சொல் தெல்மாவுக்குத் தெரியாமல் இல்லை. நெஞ்சிலிருந்து கிளம்பும், தொண்டை வரை ஒழுங்காக வரும், உதட்டுக்கு வந்ததும் 'அடடா, ரொம்ப நல்லா இருக்கே' என்று மாறி வெளியே விழுந்துவிடும். கிளிஃபோர்டு ஹார்டேக்கர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்டது கொட்டுகிற மழையில், பேருந்து நிறுத்தத்தில். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காக அவன் மூன்று பஸ் மாறி வந்திருந்தான். மூன்று பஸ் மாறி, சொட்டச் சொட்ட நனைந்து வந்தவனிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கல்யாணம் ஆயிற்று. அது ஒன்றும் மோசமாகப் போகவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கிளிஃபோர்டு தங்கமான மனிதன். ஆனால் கல்யாணமான முதல் ஞாயிறு அவன் அம்மா ஈரலும் வெங்காயமும் வதக்கி வைத்தபோது புது மருமகள் 'அருமை' என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். அதற்கப்புறம் அந்த அம்மாள் கண்ணை மூடும்வரை ஒரு ஞாயிறு தப்பாமல் தெல்மாவின் தட்டில் ஈரல் விழுந்தது. மற்றவர்களுக்கு ஒரு துண்டு என்றால் அவளுக்கு இரண்டு.

இப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலையைக் கேளுங்கள். பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய கடை, அதன் புகார் மேசை. சாயம் போன சட்டையையும் கைப்பிடி கழன்ற வாணலியையும் தூக்கிக்கொண்டு கொதித்துப்போய் வருகிறவர்கள், தெல்மாவின் முகத்தைப் பார்த்ததும் தணிந்து, உங்களுக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டோமே என்று அவர்களே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஓய்வுபெறும்வரை அந்த மேசையில்தான் இருந்தாள். அதே கடையில் அவள் வாங்கிய கெட்டில் முதல் நாளிலிருந்தே ஒழுகியது. அடியில் ஒரு சாஸரை வைத்துப் பதினோரு வருஷம் ஓட்டினாளே தவிர, தன் மேசைக்குத் தானே புகார் கொண்டுபோக அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் மரியாதையை மறந்துவிடுகிற இடம் ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது. அது குளம்.

கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே, தாத்தாக்கள் காலத்தில் ஊர்க்காரர்களே சுவர் எழுப்பிக் கட்டியது. கடல் ஏறும்போது சுவரைத் தாண்டி வந்து நிரப்பிவிட்டுப் போகும். மேலே கூரை கிடையாது, தண்ணீரைச் சூடாக்கும் வசதி கிடையாது. ஜூலை மாதத்திலேயே பல் கிடுகிடுக்கும். கிளிஃபோர்டு இறந்துபோன வருஷம், வீட்டின் அமைதி தாங்காமல், ஒரு காலை நேரத்தில் தெல்மா அங்கே போய் இறங்கினாள். குளிர் இடுப்புக்கு ஏறியதும், கடைத்தெருவில் மீன் வண்டி தள்ளுகிறவர்கள்கூட யோசித்துச் சொல்கிற ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த பாதிரியாரின் மனைவி அதைவிட மோசமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிரில் யாராலும் மரியாதையாக இருக்க முடியாது. அன்றிலிருந்து தெல்மா ஒரு நாளும் விட்டதில்லை. வாழ்க்கை முழுக்கச் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கொட்டிவிட்டு, கன்னம் சிவந்து, சாந்தமாக வீட்டுக்கு வருவாள்.

அதனால், எழுபத்தாறாவது வயதில் உயில் எழுதப் போனபோது வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. குளத்தை ஒரு சிறு அறக்கட்டளை நடத்துகிறது, வீடு அதற்கு. முடிந்தது விஷயம்.

ஆனால் அது அக்டோபர் மாதம். எங்கள் பக்கத்தில் அந்த மாதம் சில வக்கீல்கள் வயதானவர்களுக்கு இலவசமாக உயில் எழுதித் தருவார்கள். செலவைச் சில தர்ம ஸ்தாபனங்கள் ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு அவர்களுக்கு எதையாவது விட்டுப்போக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை, விருப்பப்பட்டால் விடலாம். கட்டாயமில்லை என்று சொன்னதுதான் தெல்மாவைப் பிடித்துக் கட்டிப்போட்டது. கட்டாயம் என்றிருந்தால் காசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்திருப்பாள்.

வக்கீல் கிர்க்பிரைடு நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது தெல்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். குப்பை வண்டி இந்த வாரமா அடுத்த வாரமா என்று அவளுக்குச் சந்தேகம். காலண்டரில் ஒரு கழுதை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"ஓ, நம்ம மெடோக்ராஃப்ட் கழுதைக் காப்பகத்தைப் பார்க்கறீங்களா!" என்று வக்கீல் மலர்ந்துபோனார். "இன்னிக்கு உங்க உயிலுக்குச் செலவு பண்றதே அவங்கதான். கழுதைன்னா பிடிக்குமா உங்களுக்கு?"

ஆறு வயதில் கடற்கரையில் சவாரி ஏற்றிய கழுதை ஒன்று தெல்மாவின் தொப்பியைப் பிடுங்கித் தின்றிருக்கிறது. தொப்பியோடு கொஞ்சம் முடியும் போயிற்று. அவள் வாயைத் திறந்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

"எனக்கு எப்பவும் மனசுல ஓடறது என்னன்னா, இந்த வாயில்லா ஜீவனுங்களுக்கு நாமதானே? நீங்க என்ன சொல்றீங்க?"

"அது வாஸ்தவம்தான்."

"அப்போ அவங்க பேரையே போட்டுடலாமா? இல்ல, வேற யாராவது மனசுல இருக்காங்களா?"

குளம் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் தான் தினமும் குளித்துக் கும்மாளமிடும் இடத்துக்கே தன் வீட்டை எழுதுவது, அதுவும் கழுதைகளின் செலவில் எழுதுவது, அடுத்தவர் காசில் தனக்கு மிட்டாய் வாங்கிக்கொள்கிற மாதிரி அவளுக்குப் பட்டது. வக்கீலோ பேனாவைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

"உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா போடுங்க" என்றாள் தெல்மா.

கடைசியில் ஒரு கேள்வி வந்தது. உங்களுக்கு நன்றி சொல்வதற்காகக் காப்பகத்துக்கு இதைத் தெரிவிக்கலாமா? ஒருவர் நன்றி சொல்ல ஆசைப்படும்போது கூடாது என்று தடுப்பதாவது! சரி என்றாள்.

பத்து நாளில் நன்றி வந்துவிட்டது. ஒரு வாழ்த்து அட்டை, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன வெள்ளிக் கழுதை, கூடவே ஒரு தொலைபேசி அழைப்பு. அழைத்தவள் பெயர் பிப்பா. உயிலில் எழுதிவைத்தவர்களைக் கவனித்துக்கொள்வதுதான் காப்பகத்தில் அவள் உத்தியோகம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேச ஆரம்பித்தால் மூச்சு விட மாட்டாள்.

முதல் தடவை கழுதைகளைப் பற்றிப் பேசினாள். இரண்டாவது தடவை கழுதைகளோடு அவள் வாடகை வீட்டின் பழுதான வெந்நீர் பாய்லரும் சேர்ந்துகொண்டது. நாலாவது அழைப்பில் கழுதை ஓரமாக ஒதுங்கி நின்றது. பாய்லரும், வீட்டுக்காரனும், ஹ்யூகோ என்கிற காதலனும், அவனுடைய தாடியும்தான் பேச்சு. வியாழக்கிழமை மத்தியானம் என்றால் தெல்மா வீட்டில் போன் அடிக்கும்.

"அந்தத் தாடியை எடுக்கச் சொன்னேன் தெல்மா, எடுக்க மாட்டேங்கறான்."

"தாடிக்குள்ள முகவாய் இருக்கான்னு முதல்ல பாத்துக்கோ கண்ணு. சில பேருக்கு இருக்காது."

அந்தப் பக்கம் பிப்பா சிரித்துச் சிரித்து இருமுவாள். தெல்மா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். இவ்வளவு வயதுக்கு மேல் ஒருத்தி தன் பேச்சுக்குச் சிரிக்கிறாள் என்பது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. செப்டம்பரில் பிறந்தநாள் வந்தபோது கதவு இடுக்கு வழியாக விழுந்த வாழ்த்து ஒன்றே ஒன்று. கழுதைக் குளம்பை மையில் தோய்த்துப் பதித்தது. அதை அடுப்பங்கரை அலமாரியில் வருஷம் முழுக்க வைத்திருந்தாள்.

குளத்தில் விஷயம் வெளியானது அந்த வெள்ளிக் கழுதையால்தான். குளத்தைப் பார்த்துக்கொள்கிறவன் டெஸ் ஸ்டப்ஸ். சம்பளம் கிடையாது, கோபம் மட்டும் உண்டு. எழுபது வயதிலும் பாறை வழுக்கலில் ஏறி இறங்கி, வருகிறவர் போகிறவரை எல்லாம் அதட்டிக்கொண்டிருப்பான். அந்தக் குளிர்காலத்துப் புயலில் வடக்குச் சுவர் கால்வாசி சரிந்து, அதைப் பூசிக்கொண்டிருந்தான். தெல்மா கோட்டைக் கழற்றி அவன் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தச் சுவர் இருக்கே, இது முழுக்கச் செத்தவங்க கட்டினது தெரியுமா?" என்றான் டெஸ். "கவுன்சில் ஒரு காசு தராது. அந்த மூலை, பல் டாக்டர் எழுதிவெச்சுட்டுப் போன காசு. படிக்கட்டு, அந்த ரெண்டு அக்கா தங்கச்சிங்க விட்டுப்போனது. இப்ப பூசறது போன வருஷம் போனாரே பேங்க்காரர், அவரோட கார் வித்த காசு. இத்தோட கையிருப்பு காலி. இனிமே ஒரு புயல் அடிச்சா, குளத்தை மூடிட்டு நான் வீட்டுல உக்காந்து டி.வி. பாக்க வேண்டியதுதான்." பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தான். "ஆமா, உன் கோட்டுல என்ன அது? ஆட்டுக்குட்டியா?"

"கழுதை."

"தலைகீழா குத்தியிருக்க. எதுக்குக் கழுதை?"

தெல்மா சொன்னாள். மறைக்கத் தெரியாது என்பது அவளுடைய இன்னொரு கஷ்டம்.

"கழுதைக்கா? வீட்டையா?" டெஸ் சிரித்த சிரிப்பில் பாறைமேல் உட்கார்ந்திருந்த கடல்புறாக்கள் கிளம்பிவிட்டன. "ஏம்மா, கடற்கரையில கழுதை வந்தா நீ தெருவோட அந்தப் பக்கம் போயிடுவியே!"

"அவங்க ரொம்ப நல்லவங்க டெஸ்."

"யாரு, கழுதைங்களா?"

சிரித்து ஓய்ந்ததும் அவன் திட்டவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை. கரண்டியை எடுத்து, பூசின இடத்தையே மறுபடி பூசினான். "உன் வீடு, உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னான். அன்றைக்குத் தெல்மா தண்ணீரில் இறங்கியும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. தான் போன பிறகும் இந்தக் குளம் இருக்க வேண்டும், யாரோ ஒருத்தி இதில் இறங்கிக் கத்த வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. அந்த ஒரே ஆசையை, ஒரு காலண்டரைப் பார்த்துத் தொலைத்த குற்றத்துக்காக, அவளே கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டாள்.

போய்ச் சொன்னபோது வக்கீல் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இதுக்கா இப்படித் தவிச்சீங்க? வேற உயில் எழுதினா பழசு செல்லாமப் போயிடும். அரை மணி நேர வேலை."

"காப்பகத்துக்கு யார் சொல்றது?"

"யாருமே சொல்ல வேண்டாமே. அதெல்லாம் உங்களுக்கு அப்புறம் தானா தெரிஞ்சுக்குவாங்க. நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க."

தெல்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். "வியாழக்கிழமை அந்தப் பொண்ணு போன் பண்ணுவாளே. அவகிட்ட என்னன்னு பேசறது?"

"எப்பவும் பேசற மாதிரிதான்."

"அது பொய்யாயிடும் இல்லையா?"

அந்தக் கேள்வி வக்கீலின் சட்டப்புத்தகத்தில் இல்லை. இந்தத் தடவை காசு கொடுத்து உயில் எழுதிக்கொண்டாள், குளத்தின் பேரைத் தானே சொன்னாள். கையெழுத்தும் தயங்காமல் போட்டாள். வெளியே வந்த பிறகுதான் பயம் பிடித்தது. ஏனென்றால் அடுத்த வாரம் காப்பகத்தில் தேநீர் விருந்து.

வருஷத்துக்கு ஒருமுறை, ஜூனில், எழுதிவைத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உபசரிப்பார்கள். வந்திருக்கும் எல்லோருக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். அதை யாரும் வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள். தலைவர் பேசும்போது 'காலம் கனியும்போது' என்பார், 'வருங்காலத்தில் ஒருநாள், வெகு தொலைவில்' என்பார். கேட்கிறவர்கள் எல்லாம் புல்வெளியைப் பார்ப்பார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று வேலையாட்கள் அன்போடு விசாரிக்கும்போதுதான் சங்கடம். நன்றாக இருக்கிறேன் என்று பதில் சொன்னால் விருந்து கொடுப்பவர்களை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது. தெல்மாவின் மேசையில் இருந்த ஒரு பெரியவர், "இதயம் கல்லு மாதிரி திடமா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார், மன்னிக்கணும்" என்றே சொல்லிவிட்டார்.

தெல்மா சொல்வதற்காகத்தான் வந்திருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். முதல் தடவை வாயைத் திறந்தபோது பிப்பா ஜாம் கிண்ணத்தை நீட்டினாள். இரண்டாவது தடவை, "ஹ்யூகோ தாடியை எடுத்துட்டான் தெல்மா! முகவாய் இருக்கு!" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? மூன்றாவது தடவை, "ஒரு விஷயம் சொல்லணும் கண்ணு" என்று தொடங்கி, "இந்த ரொட்டி ரொம்ப மெத்துனு இருக்கு" என்று முடித்தாள். சமையல்காரப் பெண்ணைக் கூப்பிட்டு அதை நேரிலும் சொல்ல வைத்தார்கள். இன்னும் இரண்டு ரொட்டி தட்டில் விழுந்தது.

"வாங்க, பார்னபியைப் பார்த்துட்டு வரலாம்" என்று பிப்பா அவள் கையைப் பிடித்துத் தொழுவத்துக்கு அழைத்துப் போனாள்.

பார்னபி வயதான சாம்பல் கழுதை. பார்ப்பதற்குச் சாது. தெல்மா எட்டியே நின்றாள். பிப்பா வேலிமேல் சாய்ந்துகொண்டு, "உங்களை மாதிரி ஒருத்தர் இல்லேன்னா இவங்கல்லாம் எங்க போவாங்க சொல்லுங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியம் தெல்மாவின் மிச்சத் தைரியத்தையும் வாங்கிக்கொண்டது. சரி, சொல்ல வேண்டாம், வக்கீல் சொன்னதுபோலவே இருந்துவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் முடிவே செய்துவிட்டாள். ஆறுதலாகப் பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். திரும்பியவளின் கோட்டுக் கையை பார்னபி வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டிக் கவ்வி, நிதானமாக மெல்ல ஆரம்பித்தது.

குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் மட்டுமே சொல்கிற அந்த வார்த்தை தெல்மாவின் வாயிலிருந்து முழுசாக வந்தது. புல்வெளியில் தேநீர்க் கோப்பைகள் அப்படியே நின்றன. அதோடு அவள் நிறுத்தவில்லை.

"எனக்குக் கழுதையே பிடிக்காது பிப்பா! எப்பவுமே பிடிக்காது! அந்தக் காலண்டர்ல குப்பை வண்டி என்னிக்குன்னு பார்த்தேன், அவ்வளவுதான்! வீட்டைக் குளத்துக்கு மாத்தி எழுதிட்டேன். போன வாரம். காசு கொடுத்து எழுதினேன். உன்கிட்டச் சொல்லாம இருக்க முடியல. சொல்லவும் முடியல. இதை என் கையை விடச் சொல்லேன்!"

பிப்பா கழுதையின் வாயிலிருந்து கோட்டை விடுவித்தாள். அப்புறம் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள். "தெரியுமா? எல்லாரும் கடைசிவரைக்கும் வந்து ரொட்டி சாப்பிட்டுட்டுப் போவாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க."

"மன்னிச்சுக்கோ கண்ணு."

"இதுல மன்னிக்க என்ன இருக்கு? உங்க வீடு." மடியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டாள். "ஆனா எழுதினவங்களுக்குத்தான் நான் போன் பண்ணணும். அதான் என் வேலை. பட்டியல்லேருந்து உங்க பேரை எடுத்துடுவாங்க."

"அது தெரியும்."

அது தெரிந்துதானே மூன்று தடவை வாயை மூடிக்கொண்டாள்! மரியாதைக்காக மட்டும் என்று இவ்வளவு நேரம் நாமும் நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் தெல்மா ஈரமான கோட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒருமுறைகூட ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் வந்தாள்.

வியாழக்கிழமை போன் அடிக்கவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. அடிக்காது என்று தெரிந்தும் இரண்டு கப் தேநீர் குடிக்கிற நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்காகப் பேசியவள் வேலை முடிந்ததும் பேசவில்லை, இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். புகார் மேசையில் அடுத்தவர்களைத் தணித்தவளுக்குத் தன்னைத் தணிக்கத் தெரியவில்லை. வலித்தது. குளத்தில் டெஸ்ஸிடம் வீட்டுச் சங்கதியைச் சொன்னபோது அவன் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அப்போ சீக்கிரம் செத்து வைக்காதே, சுவர் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்" என்றான். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். அது அவனுக்கு ரொம்பப் பெரிய பேச்சு.

செப்டம்பர் வந்தது. பிறந்தநாள் காலையில் கதவுக்குக் கீழே ஒரு பிட்சாக் கடை விளம்பரம் மட்டும் கிடந்தது. தெல்மா அதைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். அன்றைக்கு மாலை கடல் நன்றாக ஏறும் நாள். குளம் புதுத் தண்ணீரில் ததும்பும். அந்த நேரத்துக்கு எல்லோரும் வருவதாகப் பேச்சு, டெஸ்கூட இறங்குவதாகச் சொல்லியிருந்தான். அவள் நீச்சல் உடைமேல் கோட்டை மாட்டி, துண்டைத் தோளில் போட்டு, சாவியைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது.

"தெல்மா? நான்தான். இது ஆபீஸ் போன் இல்ல, என்னோடது."

தெல்மா சாவியைக் கீழே வைத்துவிட்டாள்.

"முன்னாடியே பண்ணணும்னு இருந்தேன்" என்று பிப்பா மூச்சு விடாமல் கொட்டினாள். "பண்ணினா, உயிலை மாத்தச் சொல்லத்தான் கூப்பிடறேன்னு நினைப்பீங்களோன்னு பயம். நினைச்சாலும் நீங்க சொல்ல மாட்டீங்க, மரியாதைக்காகப் பேசுவீங்க. உங்களை அப்படி மாட்டிவிடக் கூடாதுன்னு பேசாம இருந்தேன். நீங்க கோபமா இருப்பீங்கன்னும்..."

"நானா? நீதான் கோபமா இருக்கேன்னு நான் நினைச்சேன்!"

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டியே ஒரு கோடைகாலத்தைத் தொலைத்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிட வேறென்ன தெரியும்!

"கேக் வாங்கிட்டேன்" என்றாள் பிப்பா. "கார்ல ஏறினா ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். இப்பவே வரட்டுமா?"

ஜூனிலிருந்து தெல்மா காத்திருந்தது இதற்குத்தான். வா என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல் பாறைகளை மூடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு வேண்டாம் கண்ணு" என்றாள். "இன்னிக்குத் தண்ணி நல்லா ஏறுது, நான் நீந்தப் போறேன். ஞாயித்துக்கிழமை வா."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. மன்னிச்சுக்கோ என்று ஒட்டுப்போடக்கூட மறந்திருந்தாள். இனி அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம் வரும், அப்புறம் 'பரவாயில்லை, அதனால என்ன' என்று மென்மையாக ஒரு குரல் வரும், அப்புறம் போன் வைக்கப்படும், அதோடு எல்லாம் முடிந்துபோகும். அப்படித்தான் நடக்கும் என்று பயந்தே அவள் எழுபத்தெட்டு வருஷமும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

"சரி, ஞாயித்துக்கிழமை" என்றாள் பிப்பா. "கேக்கு அதுவரைக்கும் தாங்காது, நானே தின்னுட்டு வேற வாங்கிட்டு வரேன். கேளுங்களேன், அந்த பாய்லர் மறுபடியும்..."

போன் வைக்கப்படவில்லை. தெல்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாய்லர் கதையைக் கேட்டாள், வீட்டுக்காரன் சொன்ன சாக்கைக் கேட்டாள், அவனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

"போதும், மிச்சத்தை ஞாயித்துக்கிழமை சொல்லு" என்று நடுவில் வெட்டினாள். "தண்ணி இறங்கிடும்."

போனை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். சரிவில் இறங்கும்போது எழுபத்தெட்டு வயதுக்குக் கொஞ்சம் அதிகமான வேகத்திலேயே போனாள்.